கருடன் வந்து உட்கார்ந்த சுவர்

செஞ்சி
1–3–1962

சௌபாக்கியவதி நீலாவதிக்கு நைனா எழுதுவது.

எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதி முடித்துவிட்டு மற்ற விஷயத்துக்குப் போவதுதான் என் வழக்கம், உனக்குத் தெரியும். இந்தத் தடவை ஆளாளாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. உன் அம்மா சௌக்கியம், அவள் முழங்கால் வலியைச் சேர்க்காதே, அது எப்போதும் இருப்பது. நான் சௌக்கியம். மாப்பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியிலிருந்து வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போனார், ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறார், மற்றபடி சௌக்கியம். உன் மகள் சாந்திக்குக் காய்ச்சலோ இருமலோ கிடையாது, ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுகிறாள், ஆனால் கண்ணை மூட மாட்டேன் என்கிறாள். சாமி கும்பிடும்போதும் மூடுவதில்லை, பாயில் படுக்கவைத்தாலும் மூடுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சாந்திக்குக் கொடுத்தனுப்பிய சீமைப் பெருச்சாளிக் குட்டி, அந்த மொச்சை இப்போது இல்லை நீலா. கொல்லையில் விளையாட விட்டிருந்தபோது கருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பதறாதே, பதறினால் உனக்கு இருமல் கிளம்பும், கடிதத்தைக் கொஞ்சம் கீழே வைத்து ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு மேலே படி. உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் உன் அம்மா சொன்னாள். சாந்தியை உன்னைத் தவிர வேறு யாராலும் தேற்ற முடியாது என்று தெரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஊர் சமாசாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. தேர்தல் முடிந்து ஒலிபெருக்கிக் கத்தல் ஓய்ந்தது. வேர்க்கடலை வண்டிகள் வரத் தொடங்கிவிட்டதால் கடைத்தெருவில் நடக்க வழியில்லை. தை மாதத்தில் எட்டு கிரகமும் ஒரே ராசியில் சேருகிறது, உலகம் அழியப் போகிறது என்று ஊரே கிலி பிடித்துக் கிடந்ததே, அங்கேயும் பேசியிருப்பார்கள். நம் பக்கத்துப் பாத்திரக்கடைப் பொன்னுசாமி கடையை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டான். உலகமே போகும்போது பித்தளை அண்டாவைக் கட்டிக்கொண்டா போகப் போகிறாய், எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போ என்று நான் அவனைக் கிண்டல் பண்ணினேன். மூன்று நாளும் கடை திறந்து வியாபாரம் பண்ணியவன் நான். அப்படிச் சிரித்த மனுஷனுக்குத்தான் ஒரு பறவை விஷயத்தில் புத்தி எங்கேயோ போய்விட்டது என்று உன் அம்மா இப்போது குத்திக் காட்டுகிறாள். கிரகம் வேறு கருடன் வேறு என்று எனக்கு அப்போது ஒரு நியாயம் இருந்தது.

பொங்கல் கழித்து நாங்கள் அங்கே டி.பி. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது உன்னை மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்து எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். சாந்தி ஓடப் பார்த்தாள், நர்சம்மா பிடித்துக்கொண்டாள், நீ முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதாய். அப்புறம்தான் நீ கம்பவுண்டர் அரங்கநாதனிடம் சொல்லி அந்தக் குட்டியைக் கொண்டுவரச் செய்தாய். ஒரு காது கறுப்பு, உடம்பு வெள்ளை, முதுகில் பழுப்புத் திட்டு, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற சீமைப் பெருச்சாளி, இங்கிலீஷில் கினி பிக் என்றார். நோயாளியின் சளியை இதன் ஜாதிக்கு ஊசியில் ஏற்றிக் கூண்டில் வைத்துப் பார்ப்பார்களாம், அது இளைத்துச் செத்தால் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், அது பிழைத்துக் கிடந்தால் நோயாளி வீட்டுக்குப் போகலாம் என்று அரங்கநாதன் எனக்கு விளக்கினார். உன் பெயர்ச் சீட்டு கட்டிய கூண்டில் ஒன்று அப்போதே இருந்தது, மாசி பாதிக்குள் தெரிந்துவிடும் என்றார். சாந்திக்குக் கொடுத்தது ஊசியே படாத குட்டி என்று அவர் சத்தியம் பண்ணின பிறகுதான் நான் கூடையில் வாங்கினேன். அப்போது நீ சாந்தியிடம், “அங்க கூண்டுல இருக்கிறது எனக்கு, இது உனக்கு. இது நல்லா ஓடி வெளயாடிச்சின்னா நானும் நல்லா இருக்கேன்னு வெச்சிக்கோ” என்றாய். என்னிடம், “பொட்டியில போட்டு அடச்சிடாத நைனா. நான்தான் உள்ளயே கெடக்கிறேன், அதையாவது வெளியில வெயில் படவுடு” என்றாய். நீ குழந்தையைத் தேற்றுவதற்குச் சொன்னாய். ஆறு வயசுப் பிள்ளை அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டது. அது சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும், துள்ளினால் இவள் உன் அம்மாவிடம் ஓடிவந்து இன்னிக்கு அம்மா துள்ளுது ஆயா என்பாள். பானைக்குள் போய்ப் படுத்தால் அம்மா தூங்குது, சத்தம் போடாதீங்க என்பாள். மொச்சை என்று பெயர் வைத்ததும் அவள்தான், மொச்சைக் கொட்டை மாதிரி இருக்கிறதாம்.

நீ சொன்னபடி வெளியில் விட்டேன், ஏனோ தானோ என்று விடவில்லை. கயிறும் கூடையும் சல்லடையும் விற்கிறவன் வீட்டில் இதற்கு ஒரு இடம் பண்ணத் தெரியாதா. கொல்லையில் வேப்பமரத்து நிழல் பாதி, வெயில் பாதி விழுகிற இடமாகப் பார்த்து நாலு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டினேன். தட்டிக்கு அடியில் ஊர்ப் பெருச்சாளி வளை தோண்டி வரக்கூடாது என்று சுற்றிலும் பள்ளம் வெட்டிக் கருங்கல் சில்லு போட்டு மூடினேன். மேலே மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து மூடி. ராஜகிரி மலையிலிருந்து இறங்குகிற குரங்குகள் எதையும் பிரித்துவிடும், அதனால் மூடிக்கு நான் போட்டது குரங்கு அவிழ்க்கத் தெரியாத முடிச்சு. ஒளிந்துகொள்ள வாய் உடைந்த பானை ஒன்றைப் படுக்கவைத்தேன், தண்ணீருக்குக் கொட்டாங்கச்சி. புல்லுக்கு நான் வயல் பக்கமே போகவில்லை, கடலைக்கொல்லையில் இப்போது பூச்சிக்கு மருந்துப்பொடி தூவுகிறார்கள், அது ஒட்டியிருந்தால் இந்தச் சின்ன உயிர் தாங்காது. வீட்டுக் கிணற்றடி அருகம்புல்லையே அலசிப் போட்டேன். பனி காய்ந்த பிறகு விட்டு வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுவது, சாயங்காலம் கொஞ்ச நேரம், வெளியில் இருக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருப்பது, இதெல்லாம் நானே போட்ட சட்டம். பொன்னுசாமி வீட்டு நாய், மதில் மேல் நடக்கிற பூனை, கீரி, பாம்பு எல்லாவற்றையும் நினைத்தேன். கறுப்புப் பருந்து தலைக்கு மேல் வந்தால் கல்லை விட்டெறிவேன், காக்கையைக் கூட விட்டதில்லை. தரையில் நடக்கிறது, வானத்தில் பறக்கிறது என்று எனக்குத் தெரிந்த எதிரி அத்தனைக்கும் ஒரு தடுப்பு வைத்தேன் நீலா. கையெடுத்துக் கும்பிடுகிற ஒன்றுக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்று எந்த மனுஷனுக்குத் தோன்றும்.

போன கடிதத்தில் உனக்கு ஒரு நல்ல சேதி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா. சிங்கவரம் மலைப் பக்கமிருந்து கருடன் ஒன்று நம் வீட்டுக்கு மேலேயே வட்டமிடுகிறது, பெருமாள் உன் விஷயத்தில் கண் திறந்துவிட்டார் என்று எழுதியிருந்தேன். முதலில் மேகத்தோடு மேகமாக ஒரு புள்ளியாகத்தான் இருந்தது. மறுநாள் தென்னை உயரத்துக்கு வந்தது, வெள்ளைக் கழுத்தும் செங்கல் நிறச் சிறகும் நன்றாகத் தெரிந்தது. அதற்கு மறுநாள் வேப்பமரத்து உச்சியில் உட்கார்ந்தது. கடைசியில் நம் கொல்லைச் சுவரிலேயே வந்து உட்கார்ந்தது, அவ்வளவு கிட்டத்தில் ஜென்மத்தில் நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உருகிப்போய் நின்றேன். கடைத்தெருவில் சொல்லாத ஆள் இல்லை, பொன்னுசாமி வந்து பார்த்துவிட்டு உன் மகளுக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று எழுதி வைத்துக்கொள் என்றான். உன் அம்மா மட்டும் கையில் முறத்தோடு நின்று பார்த்துவிட்டு, அது சுவரில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறது என்று கேட்டாள். தளவானூரில் அவள் பிறந்த வீட்டில் கோழிக்குஞ்சைத் தூக்கிப்போனதில் இதன் ஜாதியும் உண்டு என்றாள். தெய்வத்தைப் பருந்தோடு சேர்த்துப் பேசாதே என்று நான் சத்தம் போட்டேன். அது என்னையும் பார்க்கவில்லை, உன் அம்மாவையும் பார்க்கவில்லை, கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மொச்சை அன்றைக்குப் பானையை விட்டு வெளியே வரவே இல்லை, புல்லும் தின்னவில்லை. பயந்த உயிர் அது, அதற்குத் தெரிந்திருக்கிறது. சாந்தி அன்றைக்கு முழுக்க அம்மா இன்னிக்கு ஏன் வரல என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மனசில் இருப்பதைக் கேட்க வேண்டும் என்று சாந்திக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அம்மா நல்லா இருக்கணும் என்று கேள் என்றேன். அவளும் தினம் கேட்டாள். போன வியாழக்கிழமை காலையில் புல் மாற்றுவதற்காக மூடியைத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்தேன், சாந்தி எட்டிப் புல் போட்டாள், மொச்சையும் பானையை விட்டு வெளியே வந்து அவள் விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. நிழல் ஒன்று தரையில் ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன், அதுதான், வேப்பமரத்துக்கும் கீழே வந்துவிட்டது. வியாழக்கிழமை கருட தரிசனம், அதுவும் இவ்வளவு கிட்டத்தில். மூடியை இழுத்துப் போட எனக்கு நேரம் இருந்தது நீலா, நன்றாகவே இருந்தது. ஆனால் என் இரண்டு கையும் கும்பிடத்தான் போனது. கண்ண மூடிக் கும்பிடு கண்ணு என்று பிள்ளைக்கும் சொன்னேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். முகத்தில் காற்று அடித்தது. சிறகுக் காற்று. பெருமாளே என்னைத் தொட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பசித்தால் மொச்சை போடுகிற அதே சத்தம், ஆனால் அது கூண்டுக்குள்ளிருந்து வரவில்லை, தலைக்கு மேலேயிருந்து வந்தது. கண்ணைத் திறந்தபோது மலைப் பக்கம் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. சாந்தி கும்பிட்ட கையைப் பிரிக்காமலே நின்றாள். அழவில்லை. “அம்மாவ எடுத்துனு பூட்ச்சி தாத்தா” என்றாள்.

அதிலிருந்துதான் இந்தக் கூத்து. கண்ணை மூடியதால்தான் எடுத்துப்போனது, இன்னொரு தடவை மூடினால் மிச்சம் இருக்கிறதையும் எடுத்துப்போகும் என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள். வெள்ளிக்கிழமை உன் அம்மா தலைக்கு ஊற்றும்போது சீயக்காய்த் தண்ணீர் வழிந்து கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவந்தும் இமையை விரலால் பிடித்துக்கொண்டு திறந்தே வைத்திருந்தாள். உன் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தூக்கம் என்பது உட்கார்ந்தபடியே சரிந்து விழுவதுதான், விழுந்த வேகத்திலேயே எழுந்து உட்கார்ந்து அம்மா இருக்குதா என்று கேட்கிறாள். அம்மா ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னால், நீ எப்படிப் பார்த்த என்று கேட்கிறாள். மாப்பிள்ளை ஆன மட்டும் பேசிப் பார்த்தார், அவரிடமும் அதே கேள்விதான். அரங்கநாதனுக்கு எழுதி அதே மாதிரி ஒன்று வாங்கிக் கருடன் திருப்பிக் கொண்டுவந்து விட்டது என்று சொல்லிவிடலாம் என்று உன் அம்மா யோசனை சொன்னாள். கறுப்புக் காதுக்கு எங்கே போவது. அதுவும் தவிர, பெருச்சாளி வேண்டும் என்று அங்கே எழுதினால், உன் கூண்டில் இருக்கிற இன்னொரு பெருச்சாளியைப் பற்றியும் பதில் வந்துவிடுமே என்று எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பறவை நின்றுவிட்டதா என்றால் இல்லை. தினம் வருகிறது. அதே சுவர், அதே இடம். கூண்டில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கூண்டையே பார்க்கிறது. நேற்று கல்லை எடுத்தேன், எடுத்த கை எழும்பவில்லை, அறுபது வருஷப் பழக்கம் அப்படியே கன்னத்துக்குப் போகப் பார்த்தது, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்த உன் அம்மா, தேசிங்கு ராஜாவைப் போருக்குப் போகாதே என்று சொல்லத்தான் சிங்கவரத்துப் பெருமாள் முகத்தைத் திருப்பினார் என்பார்களே, அதைச் சொல்லி, “அந்த சாமி வேணான்னா மொகத்த திருப்பும். உனக்குத் திருப்பினாலும் நீ கண்ண மூடினுதான நிப்ப” என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏனென்றால் உன் கடிதம் வரவில்லை நீலா. மாசி பாதி தாண்டிவிட்டது. வாரம் தவறாமல் வருகிற கார்டு மொச்சை போனதற்குப் பிறகு ஒன்று கூட வரவில்லை. தபால்காரர் ராமகிருஷ்ணன் கடை வாசலில் சைக்கிளை விட்டு இறங்குவார், இப்போது தலையை ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விடுகிறார். தபால் தாமதமாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளும் நம்பின மாதிரி இருக்கிறாள். நான் கிரகத்துக்குச் சிரித்தவன், குழந்தை சொல்வதை நம்பலாமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நம்பவில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கூண்டில் உன் பெயர்ச் சீட்டோடு ஒன்று இருக்கிறதே, அது என்ன ஆனது என்று கேட்டு எழுத வந்தவன், இவ்வளவு தூரம் எழுதியும் அதைக் கேட்காமலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். இப்போது கேட்டுவிட்டேன்.

இதைக் கொல்லையில் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் சாப்பிட்டதும் சாந்தி தானாகவே தட்டியைத் தாண்டி உள்ளே இறங்கிப் பானைக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டாள். மூடியப் போடு தாத்தா என்றாள். போட்டேன். முடிச்சும் போடச் சொன்னாள், போட்டேன். “நீ கண்ண மூடாத, நான் மூடிக்கிறேன்” என்றாள். இப்போது தூங்குகிறாள், அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் தானாகக் கண்ணை மூடித் தூங்குவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையின் பிள்ளையைக் கோழி மாதிரி கூண்டில் போட்டுக் காவல் இருக்கிறேன் என்று தெருவில் பார்த்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். வெயிலுக்கு மூடி மேல் ஈரச் சாக்கு விரித்திருக்கிறேன். சுவரில் அது உட்கார்ந்திருக்கிறது. மடியில் தடி வைத்திருக்கிறேன். எழுத்து வரி கோணலாகப் போயிருந்தால் மன்னித்துக்கொள், ஒரு கண் காகிதத்திலும் ஒரு கண் அங்கேயும் இருக்கிறது.

நீ மருந்தை நிறுத்தாதே. முட்டை கொடுத்தால் ஆசாரம் பார்க்காமல் சாப்பிடு, உன் அம்மாவே சொல்லச் சொன்னாள். சளியை எங்கேயும் துப்பாதே. முக்கியமாக ஒன்று, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சாந்தி பெயருக்கு ஒரு கார்டு போடு. உட்கார முடியாவிட்டால் படுத்துக்கொண்டே கிறுக்கு. நிறைய எழுத வேண்டாம், அவள் பெயரை மட்டும் உன் கையால் எழுதினால் போதும், ‘சா’ எழுத்துக்கு நீ போடுகிற சுழி அவளுக்குத் தெரியும், அரங்கநாதன் எழுதிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள். நல்ல சேதியாக இருந்தால் அதையும் எழுது. வேறு சேதியாக இருந்தாலும் எழுது, மறைக்காதே. கார்டு வருகிற வரைக்கும் இந்த முக்காலியை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை.

தீர்க்க சுமங்கலியாக, நூறு வயசு இருந்து பேரன் பேத்தி எடுக்க வேண்டும் என்று உன்னை ஆசீர்வதிக்கிறேன். ஆசீர்வாதம் எழுதும்போது கண்ணை மூடி உன் முகத்தை நினைத்துக்கொள்வேன். இந்தத் தடவை மூடவில்லை.

இப்படிக்கு,
கண் விழித்திருக்கும் உன் நைனா
பூவராகவன்